கடலில் ஜீ.பி.எஸ். செய்மதியை இழக்கும்போது

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் கரைகளிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகுகளில், இயந்திரத்துக்கு அடுத்தபடியாக நம்பப்படுவது ஜீ.பி.எஸ். கருவிதான். வலை விட்ட இடமும் மீன்பட்ட இடமும் கரைக்குத் திரும்பும் பாதையும் அதில்தான் பதிந்திருக்கும். சிறு விமானங்களின் விமானிகள் கையோடு கொண்டுபோகும் கருவியும் இதே செய்மதிகளை நம்பியே இயங்குகிறது. இரண்டிலும் கோளாறு தேடும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். கடலில் உப்பையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும்.

ஜீ.பி.எஸ். செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை 1575.42 மெகாஹேட்ஸில் அனுப்பும் அலை கருவியை வந்தடையும்போது, சூழலில் இயல்பாக இருக்கும் வானொலி இரைச்சலை விடவும் மெலிந்திருக்கும். ஆகவே சிறிய தடையும் அதை மறைத்துவிடும். இடத்தைச் சரியாகக் கணிக்க நான்கு செய்மதிகளாவது தெரிய வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது திரையின் செய்மதிப் பக்கம். ஒரு பக்கத்துச் செய்மதிகள் மட்டும் காணாமற்போனால் அந்தத் திசையில் தகரக் கூரையோ ஆள் உடம்போ மறைக்கிறது. காய்ந்த பைபர் கூரை அலையை மறைப்பதில்லை. செய்மதிகளின் அலைவலுவைக் காட்டும் கோடுகள் எல்லாம் தாழ்ந்திருந்தால் அன்டெனாவையோ வெளி இடையூறையோ சந்தேகிக்கலாம். கோடுகள் உயர்ந்திருந்தும் இடம் காட்டாவிட்டால் கருவி இன்னும் தகவல் திரட்டிக்கொண்டிருக்கிறது. செய்மதிகளின் முழு அட்டவணையும் வந்துசேர 12.5 நிமிடங்கள் ஆகும் என்பதால், பல மாதம் மூடிவைத்த கருவியைத் திறந்த வானத்தின் கீழ் கால் மணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும். குமிழ்போல அன்டெனா நீட்டிய கருவியை நிமிர்த்தியும், தட்டையான கருவியை முகம் மேலே பார்க்கும்படியும் பிடிப்பது நல்லது.

அடுத்தது மின்சாரம். படகின் பற்றறியிலிருந்து ஓடும் கருவி, இயந்திரத்தை ஸ்டார்ட் செய்யும் நொடியில் அணைந்து எழும்பினால் குற்றம் செய்மதியில் இல்லை, பற்றறியிலோ வயரிலோ இருக்கிறது.

வெளி அன்டெனா பூட்டிய படகுகளில் பெரும்பாலும் பழுதாவது கேபிளின் இணைப்பு முனை. அன்டெனாவுக்குள் இருக்கும் பெருக்கி, கேபிளின் நடுக்கம்பி வழியாக வரும் சில வோல்ட் மின்சாரத்தில்தான் இயங்குகிறது. உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிச் செம்பில் பச்சைக் களிம்பு கட்டியதும், அந்த மின்சாரமும் நின்றுபோகும், வரும் அலையும் தேய்ந்துபோகும். மல்டிமீற்றரால் முனையில் வோல்ட் வருகிறதா என்று பார்க்கலாம். களிம்பு ஏறிய கேபிளைச் சுரண்டித் துடைப்பதில் பயனில்லை. செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டி, புதிய முனை போட்டு, தண்ணீர் புகாத ரப்பர் நாடா சுற்ற வேண்டும். சாதாரண இன்சுலேஷன் நாடா உப்புத் தண்ணீரை உள்ளேயே தேக்கிவைத்துக்கொள்ளும். முனைக்குச் சற்று முன்னால் கேபிளைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டால், வழிந்துவரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கேபிள் சரியாக இருந்தால், படகிலுள்ள மற்றக் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். மலிவான எல்.ஈ.டி. விளக்குகளின் மின்சுற்று, பேசிக்கொண்டிருக்கும் செய்மதித் தொலைபேசி, வானொலித் தொடர்புக் கருவி எல்லாம் இடைஞ்சல் தரக்கூடியவை. 2001இல் கலிபோர்னியாவின் மொஸ் லாண்டிங் துறைமுகத்தில் ஜீ.பி.எஸ். வேலைசெய்யாமல் போனபோது, படகுகளில் பூட்டியிருந்த தொலைக்காட்சி அன்டெனாக்களின் பெருக்கிகளே அதற்குக் காரணம் என்று தெரியவந்தது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இரவில் மட்டும் செய்மதிகள் விட்டுவிட்டு மறைவதுண்டு. அதன் காரணம் வானத்தில் இருக்கிறது. கல்முனை முதலான ஊர்கள் இருக்கும் அம்பாறைக் கரை பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ளது. இந்தியா 1963இல் தும்பாவில் ரொக்கட் தளம் அமைத்ததும் அந்தக் கோட்டை ஒட்டியே. சூரியன் மறைந்ததும் இப்பகுதிக்கு மேலே, வளிமண்டலத்தின் உயர் அடுக்கான அயன் மண்டலத்தில் பெரிய குமிழிகள் எழும்புகின்றன. அவற்றின் ஊடாக வரும் அலை துடித்துத் தேய்கிறது. மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், ஒக்டோபரிலும், சூரியனின் செயற்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளிலும் இது கூடுதல். பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு தானாகத் தணியும். அதுவரை கருவியைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போடாமல் பொறுத்திருப்பதே சரி.

திகதி மட்டும் ஏறக்குறைய இருபது வருடம் பின்னால் காட்டும் பழைய கருவிகளும் உண்டு. ஜீ.பி.எஸ். வாரக் கணக்கு 1,024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். கடைசியாக அது நடந்தது 2019 ஏப்ரலில். இத்தகைய கருவிகள் பெரும்பாலும் இடத்தைச் சரியாகவே காட்டும்.

தகப்பனும் மகனும் ஒரே படகில் போகும் குடும்பங்கள் வாழும் கரை இது. இந்தச் சோதனைகளைக் கரையிலேயே முடிக்காமல் கடலேறக் கூடாது. கடலில் கருவி முற்றாக ஓய்ந்தால், ஒவ்வொரு மணிக்கும் கொப்பியில் எழுதிவைத்த கடைசி இடமும் திசைகாட்டியுமே மிஞ்சும். இலங்கையின் கிழக்குக் கடலில் கரை மேற்கே இருக்கிறது. வாடைக் காலத்தில் நீரோட்டம் தெற்கே இழுப்பதால், படகின் முகத்தை மேற்கிலிருந்து சற்று வடக்காகத் திருப்பிப் பிடிக்க வேண்டும்.