நம் பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஓர் உலா

பல்கலைக்கழகம் என்றதும் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் நம்மவர் நினைவுக்கு வருகின்றன. சுங்கை செம்பிலாங் அமைந்துள்ள இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பெஸ்தாரி ஜெயாவில், சிலாங்கூர்ப் பல்கலைக்கழக வளாகம் உள்ளது. 2007வரை பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய ஊரே அது. தோட்டத்துப் பெரியவர்களுக்குப் பழைய பெயரே நாவில் வரும்.

அங்கிருந்து சிலாங்கூர் ஆறு கடலை நோக்கிச் செல்லும் வழியில் கம்போங் குவாந்தான் இருக்கிறது. இருட்டியபின் படகேறினால், கரையிலுள்ள பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேர மின்னி ஒருசேர அணைவதைக் காணலாம். அக்காட்சி எளிதில் அழியக்கூடியது. மின்மினியின் புழு, கரையோர ஈரமண்ணில் வாழும் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரைப்புதரை வெட்டினால் மண் காயும், நத்தை மறையும், பின் மரம் மட்டும் நின்று பயனில்லை. பெற்றோர்களே, படகில் கைவிளக்கு அடிப்பதையும் தவிர்த்திடுக.

ஆற்று முகத்துவாரத்தில் புக்கிட் மலாவத்தி உயர்ந்துள்ளது. 1784இல் டச்சுக்காரர் கைப்பற்றிய இக்குன்றின் கோட்டையைச் சுல்தான் இப்ராகிம் மறு ஆண்டே மீட்டார். 1907இல் கட்டிய கலங்கரை விளக்கமும் அங்கு உண்டு. லோத்தோங் குரங்கின் நிறம் கருஞ்சாம்பல். அதன் குட்டியோ பொன்னிறம்! தின்பண்டப் பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்கள். பெர்ணம் ஆற்றுநீரைக் கால்வாயில் கொணர்ந்து ஆண்டுக்கு இருபோகம் நெல் விளைவிக்கின்றனர். செம்பனையையே கண்டு வளர்ந்த நம் பிள்ளைகள் வரப்பில் நின்று நெற்கதிரைத் தொட்டுப் பார்க்க, விடுமுறையில் ஒருநாள் போதும்.