ஒரு தம்ளர் செம்பழுப்பு லாகருக்குள் இத்தனை அதிசயமா! தெரியுமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எந்த பாருக்குள் போயும் ‘ஒரு லாகர்’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் எந்த கம்பெனி என்று கேட்கவே மாட்டார்கள். நேராக யிங்லிங் வந்து நிற்கும்! லாகர் வகையில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான பீர்கள் இருக்க, ஒரு மாநிலமே அந்தப் பெயரை ஒரே ஆலைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. பாட்ஸ்வில் என்ற நிலக்கரி ஊரில் 1829இல் தொடங்கிய ஆலை அது. அமெரிக்காவில் இன்றும் ஓடும் பீர் ஆலைகளில் அதுதான் மூத்தது!

தம்ளரில் ஊற்றினால் செம்பு கலந்த தேன் நிறம். நுரை வெள்ளையாகப் பொங்கி, சீக்கிரமே அடங்கிவிடும். மூக்கருகே கொண்டுபோனால், வெல்லப்பாகு காயத் தொடங்கும்போது கிளம்புமே, அந்த மணம் மெலிதாக வரும். முதல் வாயில் இனிப்பு, பிறகு வறுத்த தானியத்தின் சுவை, கடைசியில் லேசான கசப்பு வந்து நாக்கைத் துடைத்துவிட்டுப் போகும். ஆல்கஹால் சுமார் 4.5 சதவீதம். ருசியில் நடுத்தரம்தான், ஆஹா ஓஹோ இல்லை. ஆனால் அந்த நடுத்தர ருசி தம்ளருக்கு வந்து சேர்ந்த வழி இருக்கிறதே, அதுதான் மலைக்க வைக்கிறது!

இந்த செம்பழுப்பு நிறம் மால்ட்டிலிருந்து வருகிறது. முளைகட்டிய பார்லியைச் சூட்டில் உலர்த்தும்போது தானியத்தின் சர்க்கரையும் புரதக் கூறுகளும் சேர்ந்து நிறமும் மணமும் கொடுக்கின்றன. அந்தச் சூட்டைப் பதமாக அடக்கும் வித்தை 1830களில் பிரிட்டன்காரர்கள் கையில் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள வியன்னாவின் ஆன்டன் டிரெஹர், மியூனிக்கின் கேப்ரியல் சேடல்மாயர் என்ற இரண்டு பீர் ஆலைக்காரர்களும் 1833இல் என்ன செய்தார்கள் தெரியுமா? பிரிட்டனில் ஆலை ஆலையாக விருந்தாளி போலச் சுற்றி, உள்ளே குடைந்த கைத்தடியில் பீரைத் திருட்டுத்தனமாக உறிஞ்சி எடுத்துப்போய்ச் சோதித்தார்கள்! 1841இல் வியன்னாவை ஒட்டிய ஷ்வெஹாட்டில் டிரெஹர் செம்பழுப்பு லாகரைக் கொண்டுவந்தார்.

லாகரைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் ஒரு கலப்பினம் என்பது தெரியுமா? ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் ஒரு பெற்றோர். இன்னொன்று யார் என்று விஞ்ஞானிகள் வெகுகாலம் தேடினார்கள். 2011இல் அது அகப்பட்டது, தென் அமெரிக்காவின் படகோனியக் காட்டில், பீச் மரத்துக் கழலைகளில்! பிறகு திபெத்திலும் அகப்பட்டது. குளிரைத் தாங்கும் குணத்தை லாகர் ஈஸ்ட்டுக்குக் கொடுத்தது இந்தக் காட்டு ஈஸ்ட்தான்.

லாகர் புளித்து முதிரக் குளிர் வேண்டும். குளிர்பதன இயந்திரம் இல்லாத காலத்தில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? பாட்ஸ்வில்லில் மலையையே கையால் குடைந்து குகை வெட்டினார்கள். அமெரிக்காவில் மதுவிலக்கு வந்ததும் அரசு அதிகாரிகள் அந்தக் குகையைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஆலை மூடியதா? இல்லை! 1920இல் ஐஸ்கிரீம் தயாரிக்க இறங்கினார்கள். 1933இல் தடை நீங்கியதும் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு லாரி பீர் போனது. ஐஸ்கிரீம் வியாபாரமோ 1985 வரை நடந்தது!

இன்னொன்று, இது வாங்குகிறவர்களுக்கு. யிங்லிங்கின் பாட்டில் பச்சை நிறம். பழுப்புக் கண்ணாடி அளவுக்குப் பச்சைக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுக்காது. எந்த பீராக இருந்தாலும் அதில் சேரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள்மேல் வெளிச்சம் பட்டால், ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்துக்கு நெருங்கிய உறவான ஒரு கந்தகப் பொருள் உருவாகும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் சில பங்குகள் ஒரு லிட்டரில் இருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும்! மூடிய அட்டைப்பெட்டியிலோ கேனிலோ வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

ஆலையை நடத்தும் யிங்லிங் குடும்பத்தில் வாரிசே ஆனாலும் ஆலையைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பது தெரியுமா? ஐந்தாம் தலைமுறையான டிக் யிங்லிங் 1985இல் தன் அப்பாவிடம் அப்படித்தான் வாங்கினார். இரண்டே வருடத்தில், 1987இல், ஆலை வெகுகாலமாகக் கைவிட்டிருந்த செம்பழுப்பு லாகரைத் திரும்பக் கொண்டுவந்தார். இன்று ஆலையின் விற்பனையில் பெரும்பங்கு அதுதான். ஆறாம் தலைமுறையாக அவருடைய நான்கு மகள்களும் ஆலை வேலையில் இறங்கியிருக்கிறார்கள்!