சிலுவைக் கொடியும் முத்துக்கரையும்

உடன்குடியினின்றும் தெற்கே பனங்காடுகளைக் கடந்து செல்வோர்க்கு, மணப்பாட்டு மணற்குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில் தோன்றும். வடக்கே கடலோரமாய்ச் சென்றால் காயல்பட்டினத்துப் பழம் பள்ளிவாசல்களைக் காணலாம். இவ்விரண்டூர்களுக்கும், பாலஸ்தீனத்தில் நடந்த சிலுவைப் போர்களுக்கும் யாது தொடர்பு என்று மாணவர் வினவக்கூடும். தொடர்பு உண்டு, அதனைச் சுருங்கக் கூறுவாம்.

1095-ஆம் ஆண்டு கிளர்மாண்ட் நகரில் இரண்டாம் உர்பான் பாப்பு விடுத்த அழைப்பினால் இப்போர்கள் தொடங்கின. போர்க்குச் சென்றோர் தம் ஆடையில் சிலுவைக் குறியைத் தைத்துக்கொண்டனர். 1099-இல் எருசலேமைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த முஸ்லிம்களும் யூதரும் பெருந்தொகையினராய்க் கொலையுண்டனர். 1187-இல் அந்நகரை மீட்ட சலாதீன், மீட்புப்பணம் பெற்றுப் பலரை உயிருடன் போகவிட்டார். 1204-இல் சிலுவை வீரர் கிறிஸ்தவ நகராகிய கான்ஸ்டாண்டிநோபிளையே சூறையாடினர். வேட்கை பொருளின்மேற் சென்றபின் சமயம் வெறும் போர்வையாயிற்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1291-இல் ஏக்கர்க் கோட்டை வீழ, பாலஸ்தீனத்தில் அவர்தம் ஆட்சி முடிவுற்றது. அதே ஏக்கரிலிருந்து 1271-இல் கீழ்த்திசைப் பயணம் புறப்பட்ட மார்க்கோ போலோ, நம் காயல் துறையின் வாணிகச் சிறப்பினைத் தம் நூலிற் குறித்துள்ளார்.

ஆட்சி முடிந்ததேயன்றி எண்ணம் முடியவில்லை. சிலுவைப் போரில் தோன்றிய டெம்பிளர் சங்கம் 1312-இல் கலைக்கப்பட்டது. போர்த்துகல் நாட்டில் இருந்த அதன் சொத்துக்களைக்கொண்டு 1319-இல் கிறிஸ்து சங்கம் நிறுவப்பட்டது. கடலோடிகளை ஆதரித்த ஹென்றி இளவரசர் 1420 முதல் அதற்குத் தலைவராய் இருந்தார். 1498-இல் கள்ளிக்கோட்டையை அடைந்த வாஸ்கோ ட காமாவின் பாய்களில் விளங்கியது அச்சங்கத்தின் செஞ்சிலுவையே.

அக்காலை நம் கரையில் முத்துக்குளிப்பைப் பற்றிப் பரதவர்க்கும் முஸ்லிம் வணிகர்க்கும் பூசல் மூண்டிருந்தது. ஜான் தா குரூஸ் என்னும் குதிரை வணிகரின் ஆலோசனைப்படி பரதவத் தலைவர் கொச்சிக்குச் சென்று போர்த்துகேசியரின் துணை வேண்டினர். 1535 முதல் 1537 வரை அம்மரபினர் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றனர். 1538-இல் வேதாளையில் மார்ட்டிம் அபோன்சோ டி சூசா, சாமூதிரியின் மரக்கார்களது கப்பற்படையை முறியடித்தார். போர்த்துகேசியர் இதனைச் சமயப் போராகக் கருதினர்; நம்மவர்க்கோ இது பிழைப்பைக் காக்கும் போராட்டம். முடிவில் முத்துத்துறை இரு சாராரிடமும் நில்லாது, அந்நியர் மேலாட்சிக்கு உட்பட்டது.

1542-இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் வாளேந்தி வரவில்லை. மன்றாட்டுகளைத் தமிழிற் பெயர்ப்பித்து, தாமும் மனப்பாடஞ் செய்து, ஊரூராய் நடந்து கற்பித்தார். 1544-இல் வடுகர் படைக்கு அஞ்சி ஓடிய மக்களுக்குத் தோணிகளில் உணவு கொண்டுசெல்ல முயன்றார். போர்த்துகேசியத் தலைவரின் கொடுமையையும் அவர் கடிதங்கள் கண்டிக்கத் தவறவில்லை. அவர்க்குப்பின் வந்த ஹென்றிக்கஸ் பாதிரியார் தமிழ் கற்று, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழெழுத்தில் அச்சிடுவித்தார்.

1658-இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் வசமாக, போர்த்துகேசியர் அதிகாரம் இக்கரையில் ஒழிந்தது. பீரங்கியால் பெற்றது பீரங்கியாலேயே போயிற்று. ஆயின் மணப்பாட்டுக் கோயிலும் காயற் பள்ளிவாசல்களும் ஒரே கடற்காற்றை ஏற்று இன்றும் நிற்கின்றன. சிலுவையை ஆடையில் தைத்துக்கொள்ளுதல் எளிது. பிறர் துயரைச் சுமத்தலே அரிது. சரித்திரம் பயிலும் நாம் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளாதிருப்போமாக.