கைப்பிடித்து அழைத்துப் போகும் வேலை

நம் சங்கத்தின் பொங்கல் விழாப் பந்தியில் பாயசத்துக்காகக் காத்திருந்தபோது, பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "டீச்சரம்மா, ரிட்டயர் ஆன பிறகும் பையைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைகிறீர்களே, இதற்குப் பெயர் என்ன? சேவையா, உத்தியோகமா?" நான் பதில் சொல்வதற்குள் பாயசம் வந்துவிட்டது. மலர்க் குழுவினர் அந்தப் பதிலையே கட்டுரையாக எழுதித் தரச் சொன்னார்கள்.

நான் மட்டாஞ்சேரியில் பிறந்தவள். அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, பஜார் ரோட்டில் ஒரு கிட்டங்கியில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் தூக்கினார். மலையாளம் நன்றாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. அரசாங்கத் தாள் எது வந்தாலும் தெருமுனைத் தையல்காரரிடம் கொண்டுபோய் நிற்பார். அவர் மிஷினை நிறுத்திவிட்டுப் படித்துச் சொல்வார். ஒருமுறை தையல்காரர் ஊருக்குப் போயிருந்த சமயம் ஒரு நோட்டீஸ் வந்தது. அவர் திரும்புவதற்குள் பதில் தரவேண்டிய தேதி கடந்துவிட்டது. எங்கள் ரேஷன் கார்டு ரத்தாயிற்று. மறுபடியும் வாங்க இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடமும் அம்மா கடை விலைக்கு அரிசி வாங்கினாள். ராத்திரியில் எல்லோருக்கும் கஞ்சிதான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, மலையாளப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நோட்டீஸை நானே வாசித்திருப்பேன். அப்பா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். என்னிடம் காட்ட அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு நான் அங்கன்வாடி டீச்சர் ஆனேன். 1975 அக்டோபர் 2-இல் நாட்டில் 33 இடங்களில் தொடங்கிய திட்டம் இது. குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து உப்புமா போடும் இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். திட்டத்தின் ஆறு சேவைகளில் ஒன்று, தேவைப்பட்டவரை உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பது. அனுப்பிவைப்பது என்று எழுதுவது சுலபம். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நானும் முதல் இரண்டு வருடம் நினைத்திருந்தேன். சீட்டை வாங்கிக்கொண்டு போன பத்துப் பேரில் பாதிப்பேர் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிடுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. "அங்கே யாரைக் கேட்கிறதுன்னு தெரியலக்கா" என்பார்கள். அன்றுமுதல் முதல் தடவை மட்டும் நானே கூடப் போவது என்று வைத்துக்கொண்டேன்.

மட்டாஞ்சேரியைச் சுற்றி நம்மவர்கள் ஒரே மாதிரி இல்லை. ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் துணி வெளுப்பவர்களின் முன்னோர், டச்சுக்காரர் காலத்தில் வந்தவர்கள் என்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வில்லேஜ் ஆபீஸ் வழி மனப்பாடம். வாத்துருத்தியில் இருப்பவர்களிலோ, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து கூலிவேலைக்கு வந்தவர்கள் நிறைய. அவர்களுடைய கார்டு அங்கே, வயிறு இங்கே. சிக்கல் எல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ஒரு பெண்ணைச் சொல்கிறேன். கல்யாணமாகி வந்த வருடம், ஏழு மாதக் கர்ப்பம். ஒரு தடவைகூட டாக்டரிடம் காட்டவில்லை. "கேரளா ரேஷன் கார்டு இல்லாதவங்களைச் சேர்க்க மாட்டாங்களாம்" என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டாள். அங்கன்வாடிக்கோ கர்ப்பிணிப் பரிசோதனைக்கோ ரேஷன் கார்டு எந்த மாநிலத்தது என்ற கேள்வியே கிடையாது. வார்டு ஆஷா பணியாளரும் நானும் அவளை ஆட்டோவில் ஏற்றி, மட்டாஞ்சேரி பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இரத்தம் மிகக் குறைவு என்றார்கள். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த டாக்டர் சொல்லவில்லை. அவர் முகம் சொன்னது.

அதோடு முடியவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அவள் அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவுசெய்து பிக்மி எண் வாங்கவேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அது வேண்டும். அந்த உதவிக்குப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவுசெய்திருக்க வேண்டும் என்பதால் அது அவளுக்குத் தப்பிவிட்டது. எண்ணையாவது வாங்குவோம் என்று அவள் கிராமத்துச் சுகாதார செவிலியரைப் போனில் பிடித்தேன். அந்த அம்மாள் நல்ல மனுஷி, இங்கே போட்ட ஊசி விவரம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். நம் வீட்டுப் பெண்கள் ஊருக்குப் பிரசவத்துக்குப் போவதாக இருந்தால், மாதம் தவறியதுமே இரண்டு இடத்திலும் சொல்லிவிடுங்கள். இங்கே கொடுத்த தாய்-சேய் அட்டையைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஷன் விஷயத்திலும் இப்படித்தான். 2020 அக்டோபரில் தமிழ்நாடு, 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' ஏற்பாட்டில் சேர்ந்தது. முன்னுரிமைக் கார்டும் அந்தியோதயா கார்டும் உள்ளவர்கள் கொச்சியிலுள்ள ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்துத் தங்கள் பங்குத் தானியத்தை வாங்கலாம். ஆதார் இணைத்திருக்க வேண்டும். ஆனால் தமிழ்நாட்டு அரசு தன் செலவில் கொடுக்கும் பருப்பு, பாமாயில் இங்கே வராது. முன்னுரிமையற்ற கார்டும் இங்கே செல்லாது. இதைத் தெளிவாகச் சொல்லாததால், கடையில் சண்டைபோட்டுவிட்டு மறுபடி அந்தப் பக்கமே போகாத குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

இன்னொரு வீட்டில் கணவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காகக் கேரள அரசு 2017-இல் தொடங்கிய ஆவாஸ் காப்பீட்டில் அவர் பதிந்திருந்தால், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய். அவர் பதியவில்லை. "அது ஹிந்திக்காரங்களுக்குன்னு நினைச்சோம்" என்றார் உடன் வேலைசெய்தவர். நாம் இங்கே பழகிப்போனதால் நம்மை வெளிமாநிலத்தார் என்று நினைப்பதே இல்லை. கணக்கில் அப்படித்தான் இருக்கிறோம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிவு கிடையாது. வருடத்தில் 90 நாள் வேலைசெய்திருந்தால் போதும், பதியலாம்.

மிச்சமிருந்தது விதவைப் பென்ஷன் மட்டும். அதற்கு அலைந்த கதையை முழுதும் எழுதினால் மலர் போதாது. கணவர் பெயரின் இனிஷியல் ஒரு தாளில் முன்னால், ஒன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயராக விரித்து எழுதியிருந்தது. மலையாளிகளுக்கு வீட்டுப் பெயர் உண்டு. நமக்கு அது இல்லாததால், அந்தக் கட்டத்தில் யாரோ ஒரு கிளார்க் வாடகை வீட்டுச் சொந்தக்காரரின் வீட்டுப் பெயரை எழுதிவைத்திருந்தார். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சான்றிதழ் வாங்கப் பதினொரு மாதம். ஒரு ஆபீஸில் எங்களை நான்கு முறை அடுத்த மேஜைக்கு அனுப்பினார்கள். கடைசியில் அந்தப் பெண் படியில் உட்கார்ந்து, "வேண்டாம்க்கா, நான் பாத்திரம் தேய்ச்சே பிழைச்சுக்கறேன்" என்று அழுதாள். பதினொரு மாதத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம், அன்றைக்கு அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு ஐந்தாவது மேஜைக்குப் போனதுதான். பென்ஷன் வந்தது. 2025 நவம்பர் முதல் அது மாதம் 2000 ரூபாய் ஆகியிருக்கிறது.

'கிடைக்காது' என்று சொல்வதும் இந்த வேலையில் உண்டு. 1968-இல் இங்கே வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி, பட்டியல் சாதியைச் சேர்ந்தவள், இங்கேயே பிறந்து படித்தவள், பிளஸ் டூ முடித்ததும் கேரளத்து ஒதுக்கீட்டை நம்பியிருந்தாள். 1950 ஆகஸ்ட் 10-இல் குடும்பம் எந்த மாநிலத்தில் குடியிருந்தது என்பதுதான் இதில் கணக்கு. பிழைப்புக்காக வேறு மாநிலம் போனவருக்கு அந்த மாநிலத்து ஒதுக்கீடு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் சொல்லிவிட்டது. சொந்த ஊர் தாலுகா சான்றிதழ் மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களில் செல்லும். ஆனால் அவள் என்னிடம் வந்தபோது அங்கெல்லாம் விண்ணப்பத் தேதி முடிந்திருந்தது. ஒரு மாதம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால்! அந்தப் பெண் அழவில்லை. "இதையெல்லாம் சொல்றதுக்குன்னு ஒரு ஆள் கிடையாதா டீச்சர்?" என்று கேட்டாள்.

ஆள் உண்டு, பெயர்தான் பலவாக இருக்கிறது. அங்கன்வாடி டீச்சர் ஒன்று. அந்த வார்டிலேயே குடியிருப்பவராக இருக்கவேண்டும். 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்த ஆஷா இன்னொன்று. 1998-இல் தொடங்கிய குடும்பஶ்ரீயில் பத்திலிருந்து இருபது வீட்டுப் பெண்கள் சேர்ந்த அயல்கூட்டம். அதன் மேல்மட்டங்களில் ஆலோசகர் வேலைகளும் உண்டு. எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-இல் தொடங்கிய ரோஷ்ணி திட்டத்தில், வெளிமாநிலப் பிள்ளைகளின் தாய்மொழி தெரிந்தவர்களைப் பள்ளியில் உதவிக்கு வைத்தார்கள். இவற்றுக்கு மேலே முறையான படிப்பு என்றால் எம்.எஸ்.டபிள்யூ.; எந்தப் பட்டம் இருந்தாலும் இரண்டு வருடம். களமசேரி ராஜகிரி கல்லூரி 1955-இலிருந்து இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952-இலிருந்து. படித்தால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குழந்தைகள் பாதுகாப்பு என்று பல வாசல்கள். இங்கிலாந்தில் 2019 முதல் டாக்டர் கிளினிக்குகளில் 'லிங்க் வொர்க்கர்' என்றே சம்பளத்துக்கு ஆள் வைக்கிறார்கள். நோயாளியை அவர் பகுதியிலுள்ள உதவிகளோடு சேர்த்துவைப்பதே அவர் வேலை.

சம்பள விஷயத்தை மறைக்கக் கூடாது. அங்கன்வாடிக்கும் ஆஷாவுக்கும் கிடைப்பது சம்பளமே அல்ல, மதிப்பூதியம். 2025-இல் ஆஷா பணியாளர்கள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் உட்கார்ந்தது சும்மா இல்லை. வீட்டில் இன்னொரு வருமானம் இல்லாமல் இதை மட்டும் நம்பி இறங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மலையாளம் எழுதப் படிக்கவும் தமிழில் பேசவும் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். கல்லூரியில் சொல்லித்தர முடியாத தகுதி அது. அவர்களை எல்லாம் நாம் கம்ப்யூட்டருக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பெண் இங்கேயே பொதுப் பிரிவில் பி.ஏ. முடித்தாள். போன மாதம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எம்.எஸ்.டபிள்யூ. விண்ணப்பத்தை நிரப்பினாள். 'வீட்டுப் பெயர்' என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, "இங்கே என்ன எழுதட்டும் டீச்சர்?" என்றாள்.

"அப்பா பெயரை எழுது. சுருக்காதே, முழுசா எழுது. இனிமேல் எந்தத் தாளிலும் அதே மாதிரி எழுது" என்றேன்.