புது வீட்டு மண்ணும் முதல் பூச்செடியும்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கத்துப் பழைய நெசவாளர் வீடுகளின் கொல்லையில், பவளமல்லியும் நந்தியாவட்டையும் யார் கவனிப்பும் இல்லாமலே பூத்துக்கிடப்பதைப் பார்க்கலாம். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிக் குடிபோனவர்கள் வைக்கும் செடிகளின் கதை வேறு. கிருகப்பிரவேசம் முடிந்த கையோடு நர்சரிக்குப் போய், கொத்துக் கொத்தாகப் பூத்த இட்லிப்பூச் செடி ஒன்றும் குண்டுமல்லி ஒன்றும் வாங்கி வந்து சுவரோரமாக நடுவார்கள். ஒரு மாதம் செழிப்பாக நிற்கும். பிறகு கொழுந்து இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அக்கம்பக்கத்தார் திருஷ்டி என்பார்கள், தண்ணீர் போதவில்லை என்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி வீடுதான்.

சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. நாம் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் இதே பொருள்தான். புதுக் கான்கிரீட்டின் நுண்துளைகளில் தங்கியிருக்கும் நீரின் பிஎச், அதாவது கார-அமில அளவு, 12-ஐத் தாண்டும். மீந்த கலவை, பூச்சு வேலையில் உதிர்ந்த சாந்து, சட்டி கழுவிய தண்ணீர் எல்லாம் கடைசியில் சேரும் இடம் சுவரோரத்து மண். அதன்மேல் அரை அடி செம்மண்ணைக் கொட்டிப் பரப்பிவிட்டால் பார்வைக்குத் தோட்டம்.

இந்தச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாக மாறும். (கைலாசநாதர் கோயில் சிற்பங்களின்மேல் ஒட்டியிருக்கும் சுதைப் பூச்சு இறுகியதும் இப்படித்தான்.) அப்போது காரத்தின் கடுமை தணிகிறது. ஆனாலும் சுண்ணாம்புக் கல் கலந்த மண்ணின் பிஎச் 8-ஐ ஒட்டியே வருடக்கணக்கில் நிற்கும். எலுமிச்சைச் சாறு, புளித்த மோர் என்று எதை ஊற்றினாலும் அந்த அமிலத்தைச் சுண்ணாம்பு தின்று தீர்த்துவிட்டு மறுபடி பழைய நிலைக்கே வந்துவிடும்.

இதில் செடிக்கு என்ன நஷ்டம்? இரும்பு. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான், அதற்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் மண்ணின் பிஎச் ஒரு படி ஏறினால், நீரில் கரையும் இரும்பின் அளவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகச் சரிகிறது. களஞ்சியத்தைப் பூட்டிச் சாவியைத் தொலைத்தவன் நிலைமை. பச்சையத்தின் மூலக்கூறில் இரும்பு இல்லை. ஆனால் இரும்பு இல்லாமல் செடியால் பச்சையம் தயாரிக்க முடியாது. பழைய இலையிலிருக்கும் இரும்பைப் பெயர்த்துக் கொழுந்துக்கு அனுப்பவும் செடிக்கு எளிதில் முடியாது. அதனால்தான் மஞ்சள் முதலில் கொழுந்தில் தெரிகிறது. தழைச்சத்துக் குறைந்தால் நேர் எதிராக, அடி இலைதான் முதலில் வெளுக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் உரக்கடையில் பாதிச் செலவு மிச்சம்.

செடியும் சும்மா இருப்பதில்லை. தன் வேரிலிருந்து அமிலத்தைக் கசியவிட்டு, வேரைச் சுற்றியுள்ள இரும்பைக் கரைத்து, உறிஞ்சத்தக்க வடிவுக்கு மாற்றிக்கொள்கிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அந்த அமிலமும் வீணாகிறது. இட்லிப்பூ தென்னிந்தியாவையும் இலங்கையையும் சொந்த ஊராகக் கொண்டதுதான். ஆனாலும் அமிலம் சார்ந்த மண்ணில்தான் அது சுகமாக வாழும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டி இதை நட்டவர்களும் இதே மஞ்சள் இலையைத்தான் பார்க்கிறார்கள். முதல் மாதம் மட்டும் செழிப்பாக இருந்தது ஏன் என்றால், அதுவரை வேர் நர்சரிக்காரர் கட்டிக்கொடுத்த மண் உருண்டைக்குள்ளேயே இருந்தது.

காரமும் அமிலமும் காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. கச்சாப் பட்டு நூலின் எடையில் கால் பங்கு வரை செரிசின் என்னும் பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அதை நீக்குகிறார்கள். காரம் அளவு மீறினால் நூலே நைந்துபோகும். அந்த எச்சரிக்கை தோட்டத்துக்கும் தேவை. சோதித்துப் பார்க்க ஒரு செம்பருத்திப் பூ போதும். வேதியியலாளர் ராபர்ட் பாயில் 1664-இல் வெளியிட்ட நிறங்கள் பற்றிய நூலில், வயலட் பூச்சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை எழுதினார். நம் சிவப்புச் செம்பருத்தியின் ஆந்தோசயனின் நிறமியும் அதே வேலையைச் செய்யும். நாலைந்து இதழை வெந்நீரில் ஊறவையுங்கள். சுவரோரத்து மண்ணை மழைநீரில் கரைத்துத் தெளியவைத்து, மேல்நீரை எடுத்து அதில் இந்தச் சாற்றைக் கலந்து பாருங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதுவே காரமாக இருக்கலாம். நிறம் பச்சைப் பக்கம் சாய்ந்தால் சிமெண்ட் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சரியான எண் வேண்டுமென்றால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

அப்படிப்பட்ட மண்ணில் முதல் செடியாக எதை வைப்பது? நான் சங்குப்பூவைச் சொல்வேன். காரத்தைத் தாங்கும், அவரைக் குடும்பம் என்பதால் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். விதைத்தோல் கெட்டியானது, இரவு முழுக்க ஊறவைத்து ஊன்ற வேண்டும். அடுத்தது செண்டுமல்லி. மெக்சிகோவிலிருந்து வந்த செடி. வேரில் உள்ள ஆல்ஃபா டெர்தைனைல் என்ற பொருள் நூற்புழுக்களை அடக்கும். அரளியும் தாங்கும், ஆனால் அதன் இலை, பூ, தண்டு அத்தனையும் விஷம். கைக்குழந்தையோ கன்றுக்குட்டியோ இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

செம்பருத்தியும் குண்டுமல்லியும் ஒரு பருவம் பொறுத்து வரட்டும். சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி, ஒன்றரை அடி ஆழக் குழி எடுத்து, கட்டட இடிபாட்டைப் பொறுக்கி எறிந்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய தொழு எருவும் நிரப்பி நடுங்கள். ஆடி, ஆவணி மாலை மழையில் நட்டால் ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் ஊன்றிவிடும். அதற்குப் பிறகும் மல்லிகைக் கொழுந்து வெளுத்தால் அன்னபேதி என்னும் இரும்பு உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, மண்ணில் ஊற்றாமல் இலைமேல் தெளிக்க வேண்டும். மண்ணில் ஊற்றினால் அந்த இரும்பும் பூட்டிக்கொள்ளும். இட்லிப்பூ ஆசையை விட முடியாதவர்கள் தொட்டியில் வளர்க்கலாம்.

வீடு இன்னும் கட்டி முடியவில்லையா? மேஸ்திரியிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: தோட்டத்துக்கென்று விட்ட மூலையில் கலவை போட வேண்டாம், சட்டியும் கழுவ வேண்டாம்.