ஸ்பானிஷ் கத்துக்கிறீங்களா? தமிழ்ல யோசிங்க, பாதி வேலை முடிஞ்சுது!

ஆபீஸ் முடிந்து ஆப்பில் ஸ்பானிஷ் படிக்கிறீர்களா? ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் யோசித்து மாற்றினால் குழப்பம்தான். தமிழ் வழியாக வந்து பாருங்கள்.

'யோ' தேவையில்லை: 'பேசுகிறேன்' என்றாலே பேசுவது 'நான்' என்று புரிகிறதே! ஸ்பானிஷிலும் அப்படித்தான். 'அப்லோ' என்றால் பேசுகிறேன், 'அப்லாஸ்' பேசுகிறாய், 'அப்லாமோஸ்' பேசுகிறோம். 'நான்' எனும் 'யோ'வை அழுத்திச் சொல்லும்போது மட்டும் சேர்த்தால் போதும்.

'எனக்கு' இருக்கு: 'மே குஸ்தா எல் கஃபே' என்பது 'எனக்கு காபி பிடிக்கும்' என்பதேதான். 'மே' என்றால் 'எனக்கு'. இங்கே 'யோ' போட்டால் தப்பு.

வினை எங்கே?: தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். ஸ்பானிஷில் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் செயப்படுபொருள்: 'அப்லோ தமில்', அதாவது 'பேசுகிறேன் தமிழ்'.

இங்கே கவனம்: இயல்பு, ஊர், தொழிலைச் சொல்ல 'சேர்', இப்போதைய நிலை, இருக்கும் இடத்தைச் சொல்ல 'எஸ்தார்'. 'எஸ்தோய் அபுர்ரிதோ' என்றால் 'எனக்கு போரடிக்குது'. 'சோய் அபுர்ரிதோ' என்றால் 'நான் ஒரு போரான ஆளு'! பெண்கள் 'அபுர்ரிதா' எனச் சொல்ல வேண்டும்.

இன்டர்வியூவில் உங்களை அறிமுகம் செய்யும்போது இந்த ஒரு சொல்லை மட்டும் மாத்திடாதீங்க!