கீபோர்டை அணைத்துவிட்டுப் பாடுங்கள்

எங்கள் சர்ச் கொயரில் இருபது வருஷமாக டெனர் பாடுகிறேன். கீர்த்தனையோ கேரலோ, கீபோர்டு இல்லாமல் பாடியதில்லை. ஹில்லியர்ட் என்சாம்பிள் குழுவைக் கேட்ட பிறகுதான் எங்கள் காதுக்கு நாங்கள் வேலையே கொடுக்கவில்லை என்று உறைத்தது.

1974இல் இங்கிலாந்தில் தொடங்கிய குழு அது. நான்கே ஆண்கள். மேலே, பெண் குரலின் உயரத்தில் பாடும் கவுன்ட்டர்டெனர் டேவிட் ஜேம்ஸ், நடுவில் இரண்டு டெனர், அடியில் பாரிட்டோன். பெரும்பாலும் பக்கவாத்தியம் கிடையாது. ஒருவர் பிசகினால் மூடி மறைக்க இன்னொருவர் இல்லை.

நன்றாகச் சுருதி சேர்ந்த தம்பூராவில், யாரும் மீட்டாமலே அந்தர காந்தாரம் தானாக எழும். சட்ஜம் நான்கு முறை அதிரும் நேரத்தில் அது ஐந்து முறை அதிரும். கீபோர்டில் அந்தக் காந்தாரம் கிடைக்காது. பன்னிரண்டு ஸ்வரங்களையும் சம இடைவெளியில் வைத்திருப்பதால் அங்கே அது சற்று ஏறியே ஒலிக்கும். ஹில்லியர்ட் குழு பாடும்போது கேட்பது தம்பூராவின் காந்தாரம். குழுவின் டெனர் ரோஜர்ஸ் கவி-க்ரம்ப் இந்தச் சுருதி நுட்பத்தில் தனி ஈடுபாடு கொண்டவர்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்துக்காக பெரோட்டின் அமைத்த இசையைப் பாடினார்கள். அதில் கீழ்க்குரல் ஒரே ஸ்வரத்தில் நிலைத்து நிற்க, மேலே மூன்று குரல்கள் பின்னிப் பின்னி ஓடும். நம் காலத்து எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட், யோவான் சுவிசேஷத்துப் பாடுகளை வைத்து அமைத்த ‘பாசியோ’வையும் பதிவு செய்தார்கள். இரண்டுக்கும் தேவைப்பட்டது ஒரே காதுதான்.

1993இல் ஆஸ்திரிய மடம் ஒன்றில் நார்வேக்காரர் யான் கார்பரெக்கின் சாக்ஸபோனோடு பதிவு செய்த ‘ஒஃபீசியும்’ ஆல்பம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினின் இசையமைப்பாளர் மொராலஸின் பாடலில் அந்த சாக்ஸபோன் ஐந்தாவது குரலாகவே நுழைகிறது. எனக்கு அதுதான் உச்சம்.

2014 டிசம்பரில் லண்டன் விக்மோர் ஹாலில் கடைசியாகப் பாடிக் கலைந்தார்கள்.

போன வாரம் ஒத்திகையில் கீபோர்டை அணைத்தோம். இரண்டாம் சரணத்துக்குள் சுருதி இறங்கிவிட்டது. ஆனால் கடைசி கார்டில், ஆல்டோ பாடிய அக்கா காந்தாரத்தை இழையளவு தணித்ததும் அத்தனை குரலும் ஒன்றாய்க் கூடி நின்றன. கொயர் மாஸ்டர்களே, ஒத்திகைக்கு ஒரு பாட்டாவது இப்படிப் பாட விடுங்கள்.